முன்வரவுக்கு ஆரத்தி

வடக்கே எல்லையைத் தாண்டி எங்கள் ஊருக்குத் திரும்புகிறவர்கள் எல்லோரும் இரண்டு முறை வருவார்கள். முதல் முறை வருவது அவர்கள் அல்ல.

ஊரின் பெயர் புக்கிட் லாலாங். புக்கிட் என்றால் மலாய் மொழியில் குன்று. அது பெயரில் இருக்கிறது, ஊரில் இல்லை. லாலாங் புல் மட்டும் ரயில் பாதையின் இரு பக்கமும் இடுப்பளவு நிற்கிறது. இங்கிருந்து முக்கால் மணி நேரம் வடக்கே போனால் மலேசியா முடிந்து தாய்லாந்து தொடங்கும். அங்கே கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் பின்னால் நடப்பதால், அங்கிருந்து வருகிற எவருக்கும் எல்லை நிலையத்து நடைமேடையில் ஒரு மணி நேரம் தொலைந்துவிடும்: எட்டரைக்கு இறங்குவார், கடப்பிதழில் முத்திரை வாங்கி நிமிர்ந்தால் சுவரில் ஒன்பதரையைத் தாண்டியிருக்கும். மற்ற ஊர்க்காரர்கள் கொட்டாவி விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், அவர்களுடைய மணி நேரமும் எங்கோ போய்விடுகிறது. எங்கள் ஊர்க்காரர்களுடையது மட்டும் அப்படிப் போவதில்லை. அது அவரவர் முகத்தோடும் அவரவர் உடுத்தியிருந்த துணியோடும், அவருக்குச் சரியாக ஒரு மணி நேரம் முன்னதாக, வெறுங்கையுடன் வீட்டு வாசலில் வந்து நின்றுவிடும். உரியவர் வாசலுக்கு வந்து நின்றதும் அது இருக்காது. இதற்கு நாங்கள் முன்வரவு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

நார்வே நாட்டில் ஆள் வருவதற்கு முன்பே அவருடைய காலடி ஓசையும் கதவு திறக்கும் ஓசையும் வந்துவிடும் என்று சொல்வார்களாம். அதற்கு அவர்கள் மொழியில் தனிச்சொல்லும் உண்டு என்று படித்திருக்கிறேன். குளிர் நாட்டுச் சிக்கனம், ஓசையோடு நிறுத்திக்கொண்டார்கள். எங்களுக்கு ஆளே வந்துவிடும். ஏன் வருகிறது என்று கேட்டால் பதில் தெரியாது. ஒரு மணி நேரம் என்பது எப்போதிலிருந்து என்று மட்டும் தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு பிறந்த அன்று அரசாங்கம் தீபகற்பம் முழுவதும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளியது. அதற்கு முந்தைய முன்வரவுகள் அரை மணி நேரம்தான் உட்காரும். உலை கொதிப்பதற்குள் உரியவர் வந்துவிடுவார், சோறு வேகாது, சண்டை வரும். கடிகாரம் மாறிய பிறகுதான் எங்கள் ஊரில் எல்லைக்கு அப்பால் ஹாட்யாய் நகரம் போய் வந்தவர்களுக்குச் சுடச்சுடச் சோறு கிடைக்க ஆரம்பித்தது.

பழகிவிட்டது என்பதைவிட, அதில்லாமல் முடியாது என்றாகிவிட்டது. முன்வரவு வந்தால் உலை வை என்பது எங்கள் பெண்களின் வழக்கு. புருஷனுடைய முன்வரவைத் தெருமுனையில் பார்த்ததும் சீட்டுக் கட்டு மறையும், தொலைக்காட்சி அணையும், மாமியாரைப் பற்றிய பேச்சு மாமியார் இருக்கும்போதே பேசக்கூடிய பேச்சாக மாறும். ஒவ்வொரு வீட்டுத் தாழ்வாரத்திலும் செருப்பு அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. முன்வரவை அதில் உட்காரவைத்து, பக்கத்தில் ஒரு கிளாஸ் தேநீர் வைப்போம். அது குடிக்காது. கேட்டால் "ம்" என்னும், "நல்லாயிருக்கு" என்னும், கோபப்படாது, தும்மாது. முன்வரவுக்கு விபூதி கொடுக்கலாமா என்று கோயில் நிர்வாகக் குழு மூன்று கூட்டங்கள் விவாதித்து, கொடுக்கலாம், ஆனால் சந்தாதாரராகச் சேர்க்க வேண்டியதில்லை என்று தீர்மானம் போட்டது.

விதிகள் இரண்டுதான். முதலாவது, மணிக்கட்டைப் பார்க்க வேண்டும். எல்லை நடைமேடையிலேயே உரியவர்கள் கைக்கடிகாரத்தை முன்னால் திருகிவிடுவார்கள். முன்வரவின் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னாலேயே இருக்கும். இரண்டாவது, முன்வரவைப் பார்த்து "வா" என்று சொல்லக்கூடாது, ஆரத்தி எடுக்கவே கூடாது. நெடுநாள் கழித்து வருகிறவர்களுக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்பு நீரை மூன்று சுற்றுச் சுற்றி வாசலில் கொட்டுகிறோமே, அது அழகுக்காகச் செய்வதல்ல. வந்தவர் வந்துவிட்டார், கணக்கு முடிந்தது, இனிக் கதவு மூடலாம் என்பதற்கான முத்திரை அது.

இந்த விதி தவறியது ஒரே ஒரு முறை, எழுபத்து நான்கில். ரயில் பாதையில் வேலை பார்த்த காத்தமுத்து என்பவருடைய முன்வரவுக்கு அவர் வீட்டார் அவசரத்தில் ஆரத்தி எடுத்துவிட்டார்கள். பின்னால் வந்த காத்தமுத்துவால் படியேற முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தக் காலத்து அளவுப்படி அரை மணி நேரம் உட்கார்ந்தார். பிறகு நாற்காலி மட்டும் இருந்தது. உள்ளே போனது பத்தொன்பது வருஷம் வாழ்ந்தது. குடிக்கவில்லை, அடிக்கவில்லை, யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. இரண்டாவது காத்தமுத்துதான் மேல் என்று அவர் மனைவியே சொன்னதாகக் கேள்வி. அது இறந்தபோது பாடை தூக்கிய நான்கு பேரும், தூக்கியிருக்கிறோமா இல்லையா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம்.

இனி அமிர்தவல்லி.

அமிர்தவல்லி பள்ளிப் பேருந்து ஓட்டும் நாகலிங்கத்தின் மனைவி. ஏழு வருஷத்துக்கு முன்பு புனோம்பென் நகரத்துத் தையல் தொழிற்சாலை ஒன்றில் சட்டைகளின் தையலைச் சோதிக்கும் வேலை கிடைத்து, "நீங்களும் வாங்க" என்று கணவரைக் கூப்பிட்டாள். நாகலிங்கம் எங்கள் ஊரிலேயே எல்லை தாண்டாத ஒரே ஆண். "திரும்பி வரும்போது எனக்கு முன்னாடி எவனோ என் மூஞ்சியோட என் வீட்டு வாசல்ல உட்கார்ந்திருப்பான். அவனுக்கு நீங்க தேத்தண்ணி வைப்பீங்க. நான் பின்னாடி வந்து நிக்கணுமா?" என்பது அவர் கட்சி. அவள் தனியாகப் போனாள். அவர் ரயில் நிலையம் வரைக்கும்கூட வரவில்லை. இந்த மாதம் அவளிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: ஞாயிறு மதியம் வருகிறேன், இருக்க வருகிறேன்.

சனிக்கிழமை பகலில் புனோம்பென்னிலிருந்து பாங்காக்குக்கு விமானம். அங்கிருந்து படுக்கை ரயில். விடிந்ததும் ஹாட்யாயில் இறங்கி எல்லைக்குப் போகும் சின்ன ரயில். மூன்று நாட்டு வெயிலும் ஒரே வெயிலாக இருந்தது. சின்ன ரயிலில் எதிர் இருக்கையில் நான்கு துணி மூட்டைகளோடு எங்கள் ஊர் ஜெய்னம்பு பீவி இருந்தார். வாரம் ஒரு முறை ஹாட்யாய் போய்த் துணி வாங்கி வந்து விற்பவர்.

"யா அல்லா, நாகலிங்கம் பொண்டாட்டியா நீ? பசியாறிட்டியா? இந்தா, இடியாப்பம் இருக்கு."

"வேணாம் அக்கா. வீட்டுல எல்லாரும் சுகமா?"

"எனக்கென்ன. என் மருமக என்கிட்ட பேசுறதே இல்ல. என் முன்வரவுகிட்டத்தான் மனசு விட்டுப் பேசுவா. வாரம் ஒரு மணி நேரம், அழுது தீர்த்துட்டு மூஞ்சி கழுவிக்கிட்டு நிப்பா. நான் படியேறினா, வாங்க மாமின்னு ஒரு சிரிப்பு. அதுக்கே நான் வாரா வாரம் போய்ட்டு வரேன், வேற எதுக்கு?" ஜெய்னம்பு அமிர்தத்தின் கையைத் திருப்பிப் பார்த்தார். "கடிகாரம் கட்டலையா?"

"போன்லதான் மணி பார்க்கிறது."

"அது தானா மாறிக்கும். அதான் தொல்லை. வீட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடு, முதல்ல வர்றது நீ இல்லன்னு."

"அவருக்குத் தெரியாதா?"

"ஏழு வருஷம் வாசலைப் பார்த்துக்கிட்டு இருந்தவனுக்கு எது தெரியும்?"

அமிர்தம் போன் செய்யவில்லை. இந்த முறையாவது தானாக நிலையத்துக்கு வருகிறாரா, பார்க்கலாம் என்ற வீம்பு. தன் குர்தாவின் கீழ்மடிப்பில் ஒரு நூல் பிரிந்து தொங்குவதைக் கவனித்தாள், தொழில் பழக்கம். கத்தரிக்க ஒன்றும் இல்லாததால் விட்டுவிட்டாள்.

அவர் நிலையத்துக்கு வரத்தான் இருந்தார் என்பதை அவளுக்குச் சொல்ல ஆளில்லை. பதினொன்றரை மணிக்கு, அவர் பள்ளி ஆண்டு விழாவுக்கு மட்டும் போடும் கறுப்புச் சப்பாத்தில் ஒன்றைப் போட்டு நாடா கட்டி முடித்து, அடுத்ததைக் கையில் எடுத்தபோது, கேட் கிறீச்சிட்டது. நிமிர்ந்தால் அமிர்தவல்லி நின்றுகொண்டிருந்தாள். ஒரு காலில் சப்பாத்தோடு எழுந்த நாகலிங்கம், ஊர் விதி, ஊர்க் கதை, காத்தமுத்து எல்லாவற்றையும் மறந்து, "வா" என்றார்.

அவருடைய அக்கா தையல்நாயகி அன்றைக்குச் சமைக்க வந்திருந்தார். ஒன்றும் யோசிக்காத பெண்மணி இல்லை, மணிக்கட்டைப் பார்த்தார். கடிகாரமே இல்லை. கடிகாரம் பின்னால் இருந்தால்தானே முன்வரவு, கடிகாரமே இல்லாதவள் எப்படி முன்வரவாவாள் என்று அவர் தர்க்கம் போயிற்று. வெறுங்கையையும் பார்த்தார். அது வேறு தடத்தில் போயிற்று.

"ஏழு வருஷம் வெளிநாட்டுல இருந்தவ, கையில ஒரு பிஸ்கட் பாக்கெட் இருக்கா பாரு" என்று முணுமுணுத்தபடியே, குறை சொல்லிவிட்டோமே என்ற குற்ற உணர்வில் வழக்கத்தைவிட அதிகமாகச் சுண்ணாம்பு போட்டு ஆரத்தி கரைத்து, மூன்று சுற்றுச் சுற்றி, நெற்றியில் பொட்டு வைத்து, கேட்டோரச் சிமெண்டில் கொட்டினார்.

பன்னிரண்டரைக்கு, இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு, நடைமேடையில் யாரும் இல்லாத கோபத்தோடு அமிர்தவல்லி வந்தாள். கேட்டில் சிவப்பு காயாமல் இருந்தது. அதைத் தாண்டிப் படியேறிக் காலை உள்ளே வைத்தாள். வைத்த கால் வெளியே இருந்தது. இன்னொரு முறை வைத்தாள். அதுவும் வெளியே இருந்தது. சன்னல் வழியாகப் பார்த்தாள்: சாப்பாட்டு மேசையில் தான் உட்கார்ந்து புன்னகைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. குர்தாவின் கீழ்மடிப்பில் நூல் பிரிந்து தொங்கியது.

"தம்பி" என்றார் தையல்நாயகி உள்ளிருந்து, குரல் இறங்கி. "இன்னொண்ணு வந்திருக்கு."

"எது?"

"பெட்டியோட."

அரைத் தெரு கூடிவிட்டது. ஓய்வுபெற்ற வாத்தியாரும் கோயில் குழுச் செயலாளருமான வைரக்கண்ணு வந்தார், மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு ஜெய்னம்பு வந்தார். யாரோ வழக்கப்படி நீல நாற்காலியை நகர்த்திப் போட்டார்கள். அமிர்தம் அதில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான், யாருமே தன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை என்பதைக் கவனித்தாள். நாலு பேர் முன்னால் நாற்காலியில் இருப்பதோடு பேசுவது எங்கள் ஊரில் மரியாதை இல்லை.

"நான் இவகூட ஒரே ரயில்ல வந்தேன். இதுதான் அசல்" என்றார் ஜெய்னம்பு.

"அசல் எதுங்கிறது இப்ப பிரச்சினையே இல்ல, பீவிம்மா" என்றார் வைரக்கண்ணு. "ஆரத்தி எதுக்கு எடுத்ததுங்கிறதுதான் பிரச்சினை. காத்தமுத்து விஷயத்துல குழு தலையிடல. முன்னுதாரணம் இருக்கு."

"இவ ஒரு மணி நேரத்துல போயிருவாளே, வாத்தியாரே!"

"அதுவும் முன்னுதாரணம்தான்."

தையல்நாயகி கதவருகே நின்று, பாதி வெட்கத்தோடும் பாதி உண்மையோடும் சொன்னார்: "உள்ள இருக்கிறது நல்லாத்தான் இருக்கு. நான் வெச்ச ரசத்தை நல்லாயிருக்குன்னு சொல்லிச்சு. அமிர்தம் ஒரு நாளும் சொன்னதில்ல."

"உப்பு போடாத ரசத்தை என்னன்னு சொல்றது?" என்றாள் அமிர்தம் நாற்காலியிலிருந்து. யாரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவள் தன் கையைப் பார்த்தாள். உள்ளங்கையின் வழியாக நாற்காலிக் கைப்பிடியின் நீலம் லேசாகத் தெரிந்தது. மணி ஒன்று ஆகியிருந்தது.

உள்ளே நாகலிங்கம் மேசையில் எதிரே உட்கார்ந்திருந்தார், இன்னும் ஒரே சப்பாத்தோடு. எதிரில் இருந்தது அவரைப் பார்த்துப் புன்னகைத்தது. ஏழு வருஷம் அவர் மனசில் பேசிப் பார்த்த பேச்சையெல்லாம் அதனிடம் பேசியிருந்தார்; எல்லாவற்றுக்கும் "ம்" என்றது. மன்னிச்சிட்டியா என்றதற்கும் "ம்" என்றது. ஒரு மனுஷனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய், நாற்காலிக்கு வைப்பது வழக்கமாயிற்றே என்று, ஒரு கிளாஸ் தேநீர் கலந்து வெளியே கொண்டுவந்து வைத்தார்.

அமிர்தம் அதை எடுத்துக் குடித்தாள். தெரு மூச்சை நிறுத்தியது.

"இன்னும் சீனி அளவு தெரியல உங்களுக்கு" என்றாள்.

நாகலிங்கம் கிளாஸைப் பார்த்தார். அவளுடைய விரல்களின் வழியாகவே தேநீரின் மட்டம் தெரிந்தது.

"நான் போன அன்னிக்கு ஸ்டேஷனுக்கு ஏன் வரல?"

"பஸ் ஓட்ட வேண்டியிருந்துச்சு."

"ஞாயித்துக்கிழமை. பள்ளிக்கூட பஸ்."

அவர் குனிந்து தன் ஒற்றைச் சப்பாத்தைப் பார்த்தார்.

"இன்னிக்கும் வரல. உள்ள ஒருத்தி சிரிச்சுக்கிட்டு இருக்கா, அது போதும் உங்களுக்கு. வெச்சுக்குங்க. சண்டை போடமாட்டா. ஆனா ஒண்ணு, நான் இருக்கத்தான் வந்தேன். அதைத் தெரிஞ்சுக்கிட்டு வெச்சுக்குங்க."

"வாத்தியாரே" என்றார் நாகலிங்கம், திரும்பாமல். "என்ன வழி?"

வைரக்கண்ணு தொண்டையைச் செருமினார். நிறையப் படித்தவர். "ரோமாபுரியில, வெளிநாட்டுல செத்துட்டான்னு சேதி வந்தவன் உயிரோட திரும்பினா வாசல் வழியா விடமாட்டாங்க. கூரையைப் பிரிச்சு மேல வழியா இறக்குவாங்க. நம்ம பக்கத்துல, கருமாதி முடிஞ்சவன் திரும்பி வந்தா மறுபடி பிறந்ததா வெச்சு, பேர் சூட்டி, பொண்டாட்டிக்கே திரும்பத் தாலி கட்டணும்னு இருக்கு. ஆக, கூரையை..."

"போன மாசந்தான் தகரம் மாத்தினோம்" என்றார் தையல்நாயகி.

"எதுக்குக் கூரை?" என்றார் ஜெய்னம்பு. "தெக்க வரும்போது ஒரு மணி நேரம் போகுது. வடக்க போகும்போது அதே ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்குதுல்ல? எடுத்த எடத்துல கொண்டுபோய் வைக்கட்டும். கூப்பிட்ட வாய்தான் கொண்டுபோய் விடணும். ஒன்றரைக்கு ரயில்."

எல்லோரும் நாகலிங்கத்தைப் பார்த்தார்கள், பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். எல்லை தாண்டாத ஆணிடம் கடப்பிதழ் எங்கே இருக்கும்?

அவர் உள்ளே போனார். அலமாரி திறந்து மூடும் ஓசை கேட்டது. வந்தபோது இரண்டு காலிலும் சப்பாத்து இருந்தது, கையில் ஒரு சிவப்புக் கடப்பிதழ். தையல்நாயகி பிடுங்கிப் பிரித்தார். எல்லாப் பக்கமும் வெள்ளை.

"எப்பத் தம்பி எடுத்தே?"

"இவ கிளம்பின வாரமே. காலாவதி ஆச்சு, போன வருஷத்துக்கு முந்தின வருஷம் புதுப்பிச்சேன்."

அமிர்தத்தின் முகத்தின் வழியாகச் செருப்பு அடுக்கு தெரிந்துகொண்டிருந்ததால், முகம் என்ன சொன்னது என்று எங்களுக்கும் தெரியவில்லை.

ஒன்றேகாலுக்கு நாகலிங்கம் உள்ளே இருந்ததன் கையைப் பிடித்து, "வா, ஒரு எடம் போயிட்டு வரலாம்" என்றார். அது "ம்" என்று எழுந்தது. அவர் அமிர்தவல்லியை அவள் வாழ்நாளில் முதன்முறையாக ஓர் இடத்துக்கு அழைத்துப் போனார், போனது அவளல்ல. நாற்காலியைக் கடந்தபோது அது அமிர்தத்தைப் பார்த்து நின்றது. இரண்டு பேரும் ஒருவர் குர்தாவில் ஒருவர் அந்த நூலைப் பார்த்தார்கள். பிறகு அது காய்ந்துபோன சிவப்பைத் தாண்டி வெளியே கால் வைத்தது. அந்த நொடியில் அமிர்தத்தின் கை கரைவது நின்றது. நின்றதே ஒழிய, நிறையவில்லை.

ஒன்றரைக்குப் புறப்பட்ட ரயிலின் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. தெரு கலையவில்லை. சிலர் சாப்பிட்டுவிட்டு வந்து நின்றார்கள். இரண்டு மணிக்கும் அவள் கையில் நீலம் இருந்தது. இரண்டேகாலுக்கும் இருந்தது. நாகலிங்கம் எல்லையில் பயந்து நின்றுவிட்டார் என்று ஒருவர் சொன்னார். அதை அழைத்துக்கொண்டு அப்படியே ஹாட்யாயில் குடித்தனம் போய்விடுவார் என்று இன்னொருவர் சொன்னார். ஜெய்னம்பு இருவரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். இரண்டரைக்கு, தேநீரில் பால் கலப்பதுபோல, அமிர்தத்தின் கையில் நீலம் மங்கி, கை கையாயிற்று. அவள் எழுந்து படியேறிக் காலை உள்ளே வைத்தாள். கால் உள்ளே இருந்தது.

முதல் வேலையாக ரசத்தில் உப்புப் போட்டாள்.

நான்கு மணிக்குக் கேட் கிறீச்சிட்டது. நாகலிங்கம் நின்றார், கறுப்புச் சப்பாத்து, சீவிய தலை, வெறுங்கை. பழக்க தோஷத்தில் தையல்நாயகியின் கை ஆரத்தித் தட்டுக்குப் போனது.

"கீழ வைங்க, அக்கா" என்றாள் அமிர்தம்.

அவள் "வாங்க" என்று சொல்லவில்லை. நீல நாற்காலியைக் காட்டினாள், அது உட்கார்ந்தது. ஒரு கிளாஸ் தேநீர் வைத்தாள். உள்ளே போய் உலை வைத்துவிட்டு வந்து, எதிரே படியில் உட்கார்ந்தாள். ஜெய்னம்புவின் மருமகள் செய்வதைத்தான் அவளும் செய்தாள். ஏழு வருஷத்தையும் சொன்னாள்: வாடகை அறையின் சன்னல், மழைக்காலத்தில் திசை மாறி ஓடும் ஆறு, காய்ச்சலில் தனியாகக் கிடந்த ஒன்பது நாள், போனில் மழையைப் பற்றி மட்டுமே பேசும் ஒரு புருஷன். அது எல்லாவற்றுக்கும் "ம்" என்றது. சொல்லி முடித்தபோது, இவ்வளவு சுலபமாக இருப்பதுதான் இதில் பயங்கரம் என்று அவளுக்குத் தோன்றியது. காத்தமுத்துவின் மனைவியை நினைத்துக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு உலை பொங்கியது. கேட்டில் நாகலிங்கம் நின்றார், வியர்த்து, ஒரு சப்பாத்தின் நாடா அவிழ்ந்து, கையில் ஒரு பிஸ்கட் டின்னோடு. நாற்காலி காலியாக இருந்தது.

"வந்து உட்கார்ந்திருந்தானா?" என்றார்.

"இருந்தாரு."

"என்ன சொன்னான்?"

"உங்களைவிட நல்லாக் கேட்டுக்கிட்டாரு." அவள் டின்னை வாங்கிக்கொண்டாள். "அவ என்ன சொன்னா?"

அவர் படியில் கால் வைக்காமல் நின்றார். "ரயில்ல ஒண்ணும் சொல்லல. எல்லையில, நடைமேடை முடியுற எடத்துல, கையை விட்டுட்டு ஒண்ணு கேட்டா." குனிந்து அவிழ்ந்த நாடாவைக் கட்டினார். "நான் சண்டை போட்டிருந்தா என்னை வெச்சிருப்பீங்களான்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சொல்றதுக்குள்ள மணி மாறிடுச்சு."

அமிர்தம் அவரையே பார்த்தாள். பிறகு நாற்காலிக்குப் பக்கத்தில் ஆறிப்போயிருந்த தேநீரை எடுத்து, கேட்டோரம் போய், காய்ந்த சிவப்பின் மேல் ஊற்றினாள். சிவப்பு முழுக்கப் போகவில்லை. இன்றைக்கும் மழை பெய்தால் தெரிகிறது. அவள் கையும் அப்படித்தான். வெயிலுக்கு எதிரே கிளாஸைப் பிடித்தால், மோதிர விரல் வழியாகத் தேநீர் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று எதிரே இருப்பவருக்குத் தெரியும். அதற்கும் நாங்கள் பழகிவிட்டோம், குறைந்திருந்தால் ஊற்றிவிடுகிறோம்.

"வாங்க" என்றாள் அமிர்தவல்லி. "சோறு குழையுது."